புதுப்பிப்பு: பட்டுப்போன அங்சானா மரமும் பொங்கல் அடுப்பும்

பினாங்கில் எங்கள் வாசலில் பட்டுப்போன அங்சானா (வேங்கை இனத்து நிழல் மரம்) மரத்தையும் அரளியையும் பொங்கல் அடுப்புக்கு எரிக்கலாமா என்று கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது.

அரளி வேண்டவே வேண்டாம். வேர் முதல் பூ வரை விஷம், காய்ந்தாலும் போகாது, புகையும் ஆபத்து. அதன் குச்சியால் பானையைக் கிளறவும் கூடாது. பிள்ளைகள் தொடுவதற்குள் கட்டி அப்புறப்படுத்திவிட்டேன்.

அங்சானா சரி. ஆனால் நின்றபடியே பட்ட மரம் காய்ந்த விறகு ஆகிவிடாது. பிளந்தால் உள்ளே ஈரம். நம் ஊர் மழையில் தரையில் போட்டு வைத்தால் கறையான்தான் தின்னும். அதனால் பிளந்து, செங்கல்மேல் அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டேன். பக்கங்களில் காற்று போக வேண்டும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் புகை குறையும். நன்றாகக் காய்ந்த இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்கும். அப்படிக் கேட்காதவை அடுத்த வருஷப் பொங்கலுக்கு.