'கன்ட்ரோல்' கட்டுப்பாடுதானா? 'சாட்சி' என்று ஒரு பரிந்துரை

வணக்கம்.

அறிவியல் சோதனையில் ஒப்பிட்டுச் சரிபார்க்கவென்று வைக்கும் 'கன்ட்ரோல்' என்பதைக் 'கட்டுப்பாடு' என்றே எழுதி வருகிறோம். அதை மாற்றியே ஆக வேண்டும் என்று எனக்குப் படுகிறது. போன வாரம் வீட்டில் நடந்ததுதான் காரணம்.

அக்கா மகள் பத்தாம் வகுப்பு. ஒளிச்சேர்க்கைக்கு வெளிச்சம் தேவை என்று காட்டும் சோதனையைச் செய்துகொண்டிருந்தோம். இரண்டு தொட்டிச் செடிகளையும் இரண்டு நாள் இருட்டில் வைத்து, இலையில் இருந்த ஸ்டார்ச்சைத் தீர்த்தோம். அப்புறம் ஒன்று அலமாரிக்குள்ளேயே இருந்தது, மற்றது மொட்டைமாடி வெயிலுக்குப் போனது. சாயங்காலம் செடிக்கோர் இலையைப் பறித்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த ஸ்பிரிட்டில் வெளுக்க வைத்து, அயோடின் விட்டோம். மாடி இலை கருநீலமாக மாறியது. அலமாரி இலையில் அயோடினின் பழுப்பு மட்டும்தான்.

நோட்டில் எழுதும்போது கேட்டாள்: "சித்தி, மாடில இருந்ததைக் கட்டுப்பாட்டுச் செடின்னு எழுதணுமாம். பூட்டி வச்சது அலமாரிச் செடியைத்தானே?"

அவள் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. இறைச்சியில் புழு தானாகத் தோன்றுவதில்லை, ஈயால்தான் வருகிறது என்று காட்ட இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி செய்து 1668இல் வெளியிட்ட சோதனையும் இப்படித்தான். பாம்பு, மீன், விலாங்கு, கன்றிறைச்சி என்று குடுவைகளில் போட்டார். சிலவற்றை இறுக மூடினார், சிலவற்றைத் திறந்தே விட்டார். திறந்ததில் புழு வந்தது, மூடியதில் வரவில்லை. காற்றை அடைத்ததால்தான் புழு வரவில்லை என்று சொல்ல இடம் இருந்ததால், மெல்லிய வலையால் மூடியும் பார்த்தார். அப்போதும் இறைச்சியில் புழு இல்லை. இதில் திறந்த குடுவைதான் 'கன்ட்ரோல்'. ஈ எல்லாம் தாராளமாக வந்துபோகும் குடுவைக்குக் 'கட்டுப்பாட்டுக் குடுவை' என்று பெயர் வைத்தால் பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?

ஆங்கிலச் சொல்லின் வேரில் அடக்குவது என்ற பொருளே இல்லை. கணக்கைச் சரிபார்க்க வைத்திருந்த இரட்டைப் பதிவேட்டுக்கான பழைய பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்தது அது. சோதனையில் அந்தப் பழைய பொருள்தான் வேலை செய்கிறது.

முன்பு இங்கே 'ஒப்பு' என்று ஒருவர் சொல்லியிருந்தார். பொருள் பொருத்தம்தான். ஆனால் 'ஒப்புக்குழு', 'ஒப்புக்குடுவை' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'ஒப்புக்குச் சப்பாணி' காதில் விழுகிறது. சோதனையிலேயே முக்கியமான பகுதி பெயருக்கு வைத்தது போல ஆகிவிடும்.

என் பரிந்துரை 'சாட்சி'. பிரெஞ்சுக்காரர்கள் இதற்குச் சாட்சி என்ற பொருள் தரும் சொல்லையே புழங்குகிறார்கள். சாட்சி எதிலும் கை வைப்பதில்லை, கூடவே இருந்து நடந்ததைச் சொல்கிறது. சாட்சிச் செடி, சாட்சிக் குடுவை, சாட்சிக் குழு. விளக்கமே வேண்டியதில்லை. கொரோனா நேரத்தில் வீட்டில் பார்த்த சோதனைப் பட்டையை நினைத்துப் பாருங்கள். 'சி' என்ற எழுத்துக்கு நேரே கோடு விழாவிட்டால் அந்தப் பட்டையே செல்லாது. அதைச் சாட்சிக்கோடு என்றால், சோதனை ஒழுங்காக நடந்தது என்று அந்தக் கோடு சாட்சி சொல்வது உடனே புரியும்.

தண்ணீரின் அளவு, தொட்டி மண், செடியின் வயது என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைத்துக்கொள்பவை இருக்கின்றனவே, அவற்றை நாம் உண்மையாகவே கட்டுப்படுத்துகிறோம். அங்கே 'கட்டுப்பாட்டு மாறி' அப்படியே இருக்கட்டும்.

எனக்கு இடிப்பது ஒரே இடம்தான். விளைவு வந்தே தீர வேண்டிய கன்ட்ரோல், வரவே கூடாத கன்ட்ரோல் என்று ஆய்வகத்தில் இரண்டு வைப்பார்கள். முதலாவதற்கு 'நேர்ச்சாட்சி' சரியாக வருகிறது. இரண்டாவதை 'எதிர்ச்சாட்சி' என்றால் கோர்ட்டில் எதிர்த்தரப்புச் சாட்சி போலத் தொனிக்கிறது. 'இன்மைச் சாட்சி' என்று எழுதிப் பார்த்தேன், கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது. ஆய்வகத்தில் தினமும் இதைக் கையாள்கிறவர்கள் பேச்சில் என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.