பழைய பெட்போட் தீயணைப்பு வண்டி: குருநாகலில இருந்து யாழ்ப்பாணம் கொண்டு வாறது எப்பிடி?

கோப்பாய்ப் பொடியன்:

வணக்கம். குருநாகல் பக்கம் ஒரு மரக்காலை முற்றத்தில பெட்போட் டீகே மொடல் தீயணைப்பு வண்டி ஒண்டு நிக்குது. முந்தி ஒரு நகரசபையின்ர வண்டி. ஏலத்தில போய், கைமாறி, இப்ப அந்த மரக்காலைக்காரரிட்ட வந்திருக்கு. ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், 300 கன அங்குலம். பின்னுக்குப் பம்ப், உள்ளுக்க 400 கலன் தாங்கி, கூரையில மர ஏணி. முன்னுக்குப் பித்தளை மணியும் அப்பிடியே கிடக்கு. கன வருசமா ஓடேல்லை. பற்றறி குடுத்தால் எஞ்சின் சுத்துது, பத்தேல்லை.

வீட்டில அப்பாவின்ர ஜே மொடல் பெட்போட் லொறியை ஓடுற நிலையில வைச்சிருக்கிறன். அதால லொறி எனக்குப் புதிசில்லை, தீயணைப்பு வண்டிதான் புதிசு. விக்கிறவர் "எஞ்சினைக் கிளப்பித் தாறன், ஓட்டிக்கொண்டு போங்கோ" எண்டு சொல்லுறார். காசு குடுக்க முன்னம் எதைப் பாக்க வேணும்? ஓட்டிக்கொண்டு வரலாமோ, லோ பெட்டில (வண்டி ஏத்துற தாழ்ந்த தட்டு லொறி) ஏத்த வேணுமோ?

சுன்னாகம் லொறிக்காரர்:

தம்பி, நல்ல விசயம். எங்கட ஊரில ஒஸ்ரின் கேம்பிறிச்சையும் மொறிஸ் மைனரையும் பொலிஷ் பண்ணிக் கலியாண வீட்டுக்குக் கொண்டு போக எத்தினையோ பேர் இருக்கினம். வெங்காயமும் புகையிலையும் காங்கேசன்துறைச் சீமெந்தும் சுமந்த பெட்போட்டுகளை ஆரும் தேடேல்லை, வெட்டி இரும்புக்குப் போட்டுட்டினம். எனக்கு அது இண்டைக்கும் நோகுது. அதாலதான் நீளமா எழுதுறன்.

எஞ்சினைக் கடைசியாப் பாருங்கோ. எஞ்சினை எங்கட கராச்சுகளில செய்யலாம். பதிவுப் புத்தகத்தையும் சசியையும் (வண்டியின்ர அடிச்சட்டம்) செய்யேலாது.

ஏலத்தில போற உள்ளூராட்சி வண்டிகளில சிலது பதிவு நீக்கி, பழைய இரும்பு எண்டுதான் விலைப்படுறது. அப்பிடிப்பட்டது எண்டால் வளவுக்குள்ள நிப்பாட்டி வைச்சுப் பாக்கலாம், றோட்டில ஏத்தேலாது. விலையும் அதுக்கேத்த விலையாத்தான் இருக்க வேணும். வயர் பிறஷ் கொண்டு போய் சசி இலக்கத்தைத் துலக்கிப் படம் எடுங்கோ. எஞ்சின் இலக்கத்தையும் எடுத்து, ரெண்டையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில இருக்கிற பதிவோட ஒப்பிட்டுப் பாக்காமல் முற்பணம் குடுக்க வேண்டாம். "புத்தகம் துலைஞ்சு போச்சு, பிறகு எடுத்துத் தாறன்" எண்டால், எடுத்துத் தந்த பிறகு காசு தாறன் எண்டு சொல்லுங்கோ.

அடுத்தது கீழ படுத்துப் பாருங்கோ. தண்ணித் தாங்கி இருக்கிற இடத்துக்கு நேர் கீழ சசியில கறள் எப்பிடி எண்டு சுத்தியலால தட்டிப் பாக்க வேணும். கணீரெண்டு கேட்டால் சரி, பொத்தெண்டு கேட்டால் விடுங்கோ. இந்த வண்டிகளின்ர பொடியில, அதாவது மேல்கூட்டில, கனக்க மரச் சட்டத்துக்கு மேல தகடு அடிச்சது. வெளித்தகடு வடிவா இருக்கும், உள்ளுக்க கறையான் திண்டிருக்கும். கதவுக் கால்களைக் குத்தூசியால குத்திப் பாருங்கோ. மரம் போயிருந்தாலும் பயப்பிட வேண்டாம், முதிரையில சட்டம் போடுற லொறிப்பொடி ஆசாரிமார் இங்க இன்னும் இருக்கினம். பாரம் கொஞ்சம் கூடும், ஆனா நிக்கும்.

ஓட்டிக்கொண்டு வாற கதையை விடுங்கோ. கன நாள் நிண்ட வண்டியின்ர வீல் சிலிண்டர் றபர் எல்லாம் இறுகிப்போயிருக்கும். முற்றத்தில ரெண்டு தரம் மிதிக்கப் பிறேக் பிடிக்கும். வவுனியா தாண்டி ஒரு மாடு குறுக்க வர, அண்டைக்குத்தான் றபர் பிரிஞ்சு மிதி அடியில போகும். அதோட பிறேக் மிதிக்குப் பலம் குடுக்கிற வக்கூம் சேவோ எஞ்சின் ஓடினால்தான் வேலை செய்யும். பெட்ரோல் தாங்கிக் கறள் கபுரேற்றரை அடைச்சு எஞ்சின் நிண்டுதெண்டால், அந்தப் பாரத்தை உங்கட கால் பலத்தில நிப்பாட்ட வேணும். உங்களை நம்பி வீட்டில ஆக்கள் இருக்கினம்.

லோ பெட்டில ஏத்துங்கோ. ஏத்த முன்னம் தண்ணித் தாங்கியை முழுக்க வடியுங்கோ. 400 கலன் எண்டால் 1,800 கிலோவுக்கு மேல. அரைவாசித் தண்ணியோட வாறது எல்லாத்திலும் மோசம், வளைவில தண்ணி ஒரு பக்கம் அடிச்சு வண்டியைத் தள்ளும். ஏணியைக் கழட்டி வேறையா வையுங்கோ. லோ பெட்டின்ர உயரத்தோட சேத்து மொத்த உயரத்தை அளந்து சாரதிக்குச் சொல்லுங்கோ, ஏனெண்டால் ஊருக்குள்ள றோட்டுக்கு மேல போற வயர் தாழ. சங்கிலியை அச்சில போட வேணும். பொடியில போட்டால் ஸ்பிறிங் ஆட ஆடச் சங்கிலி தளரும். பாதெனிய, அனுராதபுரம் வந்து யாழ்ப்பாணம் போற ஏ9 றோட்டில ஏறுங்கோ. ஆனையிறவில ஒருக்கா நிப்பாட்டி எல்லாத்தையும் திரும்ப இறுக்குங்கோ.

கோப்பாய் ஒழுங்கைக்குள்ள லோ பெட் வராது. மெயின் றோட்டில இறக்கி ரக்ரரால இழுக்கிறதெண்டால் கயிறு வேண்டாம், இரும்புப் பார் போடுங்கோ. கியர் பொக்ஸில இருந்து பின் அச்சுக்குப் போற புறொப்பெல்லர் சாவ்ற்றைக் கழட்டிப்போட்டு இழுங்கோ. எஞ்சின் நிக்கேக்க பின்சில்லு மட்டும் சுத்தினால் கியர் பொக்ஸுக்குள்ள எண்ணெய் மேல ஏறாது.

லண்டன் நெல்லியடியான்:

ஐயா எழுதினதுக்கு மேல ஒண்டு. தீயணைப்பு வண்டியில மைல் மீற்றரை நம்ப வேண்டாம். குறைய ஓடியிருக்கும், ஆனா நிண்ட இடத்திலயே எஞ்சின் முறுக்கி மணிக்கணக்காப் பம்ப் சுத்தியிருக்கும். இங்க இங்கிலாந்தில "கிறீன் கொடஸ்" எண்ட பச்சை பெட்போட் தீயணைப்பு வண்டிகள் 1953 தொடக்கம் 1956 வரை செய்தது. 2002இல தீயணைப்புப் படையினர் வேலைநிறுத்தம் செய்யேக்கையும் இராணுவம் அதுகளைத்தான் றோட்டில இறக்கினது. குறைய ஓடினதால நிண்டு பிடிச்ச வண்டிகள் அதுகள்.

பம்பைத் தண்ணி இல்லாமல் சுத்த விடாதேங்கோ, சீல் எரிஞ்சுபோம். கிணத்தில வைச்சுச் சோதிக்கலாம், ஆனா தண்ணி மட்டத்துக்கும் பம்புக்கும் இடையில 7 மீற்றருக்கு மேல எண்டால் உறிஞ்சும் எண்டு எதிர்பாக்க வேண்டாம். உறிஞ்சு குழாய் மூட்டில ஊசித் துவாரம் இருந்தாலும் தண்ணி ஏறாது. முடிஞ்ச உடன பம்பை முழுக்க வடிய விடுங்கோ. வலிகாமத்துக் கிணத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி, உள்ளுக்க நிண்டால் படிஞ்சு இறுகிப்போம்.

இணுவில் கராச்:

எங்களிட்ட ஒரு 300 பெட்ரோல் எஞ்சின் கிடக்கு, லொறியில இருந்து இறக்கினது. உண்மையைச் சொல்லிப்போட்டுத்தான் தருவன்: யுத்தத்துக்குள்ள பொருளாதாரத் தடைக் காலத்தில, பெட்ரோல் இல்லாமல் மண்ணெண்ணெயில ஓடினது. எரியாத மண்ணெண்ணெய் கீழ இறங்கி எஞ்சின் ஓயிலைத் தண்ணியாக்கினதில சிலிண்டர் உட்சுவரும் பெயாரிங்கும் தேஞ்சிருக்கு. ஹெட், மனிபோல்ட், டிஸ்றிபியூற்றர் நல்லம். உதிரிக்கு எடுங்கோ, முழுசாப் போட வேண்டாம்.

கோப்பாய்ப் பொடியன்:

எல்லாருக்கும் நன்றி. சசி இலக்கம் எடுக்க அடுத்த கிழமை போறன். ரயர் எல்லாம் காத்துப் போய்க் கிடக்கு. ஏத்திறதுக்காக அங்கேயே காத்தடிக்கலாமோ?

சுன்னாகம் லொறிக்காரர்:

அடிக்க முன்னம் றிம்மைப் பாருங்கோ தம்பி. ரயரைப் பிடிச்சு வைக்கத் தனியாப் பூட்டு வளையம் போட்ட றிம் எண்டால், கறள் பிடிச்ச வளையம் காத்தடிக்கேக்க தெறிச்சு ஆளைக் கொல்லும். சில்லைக் கழட்டி, வளையத்தைத் துலக்கி, சரியா இருந்திட்டுதோ எண்டு பாத்து, சங்கிலி சுத்தி, நீளக் குழாயால தள்ளி நிண்டு அடிக்க வேணும். அதுக்கு அங்க வசதி இல்லையெண்டால் உங்கட ஜே லொறியின்ர சில்லு பொருந்துமோ எண்டு பாருங்கோ. ஸ்ரட் (சில்லைப் பூட்டுற போல்ட்) எத்தினை, ஸ்ரட் வட்டத்தின்ர அளவு, நடுத் துவாரம் மூண்டையும் அளந்து இங்க போடுங்கோ, நான் பாத்துச் சொல்லுறன்.