வட்டத்தில் எழுத்து தலைகீழாக நின்ற கதைகள்

ஒரு விளையாட்டுக் குழுவுக்கு வட்ட முத்திரை வேண்டும் என்றார்கள். மேல் வளைவில் கழகத்தின் பெயர், கீழ் வளைவில் ஒரு முழக்கம், நடுவில் படம். அரை மணி நேர வேலை என்று வாய் விட்டுவிட்டேன். முடித்தபோது இரவு இரண்டு மணி. எங்கெங்கே சறுக்கினேன் என்று எழுதுகிறேன். இதே பள்ளத்தில் விழுந்தவர்கள் இருந்தால் உங்கள் கதையையும் சொல்லுங்கள்.

முதல் அடியிலேயே சறுக்கல். இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் வட்டம் வரைந்து, எழுத்திடும் வழக்கமான டைப் கருவியால் அதன் விளிம்பில் கிளிக் செய்தேன். எழுத்துகள் விளிம்பில் ஓடாமல் வட்டத்துக்குள் பத்தியாக நிரம்பின. மூடிய வடிவத்தின் மேல் அந்தக் கருவி அப்படித்தான் வேலை செய்யும் என்பது மறந்துபோயிருந்தது. கோட்டின் மேல் எழுத்தை ஓட்டும் டைப் ஆன் எ பாத் கருவிக்கு மாறினேன். எழுத்து விளிம்பில் ஏறியது. ஏறிய கையோடு, நான் பார்த்துப் பார்த்து நிறம் கொடுத்த வளையம் மறைந்துவிட்டது. எழுத்தைச் சுமக்கும் கோட்டுக்குத் தன் நிறம் நிலைக்காது. வளையமும் தெரிய வேண்டுமானால் முன்பே ஒரு நகல் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

இதெல்லாம் சில்லறைத் தொல்லை. இரவைத் தின்றது கீழ் வளைவுதான். முழக்கத்தைக் கீழே இழுத்தால் தலைகீழாக நிற்கிறது. எழுத்து வரியின் நடுவில் தெரியும் சிறிய அடைப்புக்குறியைக் கோட்டுக்கு மறுபக்கம் இழுத்தால் எழுத்து நிமிர்ந்துவிடும். ஆனால் வட்டத்துக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே உள்ள பெயர் வளையத்துக்கு வெளியே, கீழே உள்ள முழக்கம் உள்ளே. பார்க்கச் சகிக்கவில்லை.

கணக்குப் போட்ட பிறகுதான் புரிந்தது. என் வட்டத்தின் ஆரம் 40 மி.மீ., எழுத்தின் உயரம் 10 மி.மீ. மேல் எழுத்துகள் 40க்கும் 50க்கும் இடைப்பட்ட பட்டையில் நிற்கின்றன. புரட்டிய கீழ் எழுத்துகளோ 30க்கும் 40க்கும் இடையில். இரண்டையும் ஒரே பட்டைக்குக் கொண்டுவர, கீழ் வரிக்கு, எழுத்துகள் நிற்கும் அடிக்கோட்டை நகர்த்தும் பேஸ்லைன் ஷிஃப்டில் எழுத்தின் உயரத்தை எதிர்மறை எண்ணாகக் கொடுத்தேன். வெளியே வந்தது, ஆனால் எழுத்துகளுக்கு நடுவே பல் விழுந்த வாய்போல இடைவெளி. இடைவெளி 40 மி.மீ. வட்டத்துக்காகக் கணக்கிடப்பட்டது, அடிக்கோடு நிற்பதோ 50 மி.மீ. வட்டத்தில். 251 மி.மீ. சுற்றளவுக்கு அளந்த சட்டையை 314 மி.மீ. உடம்புக்கு மாட்டினால் பொத்தானுக்கு நடுவே வாய் பிளக்கத்தானே செய்யும்.

கடைசியில் ஷிஃப்டை விட்டுவிட்டு, கீழ் வரிக்கென்று 50 மி.மீ. ஆரத்தில் தனி வட்டம் வரைந்து, அதன் உட்புறம் எழுத்தை வைத்தேன். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வெளிப்புற எழுத்துகளின் தலை விரியும், உட்புற எழுத்துகளின் தலை நெருங்கும். மேல் வரியின் டிராக்கிங்கை, அதாவது எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியை, சற்றுக் குறைத்து, கீழ் வரியில் கூட்டினால்தான் இரண்டும் ஒரே கை எழுதியதுபோலத் தோன்றும்.

உயரம் அளக்க நான் பிடித்த எழுத்து 'ப'. தலையும் அடியும் தட்டையாக இருக்கும் எழுத்து. 'கி'யின் மேற்சுழியையோ 'கு'வின் கீழ்ச்சுழியையோ சேர்த்து அளந்தால் கணக்கு தப்பிவிடும். எழுத்தின் எந்தப் பகுதி கோட்டில் பொருந்த வேண்டும் என்று கேட்கும் அலைன் டு பாத்தில், அசெண்டர் (எழுத்தின் மேல் எல்லை) என்ற தேர்வையும் சோதித்தேன். அது கண்ணுக்குத் தெரியும் உயரத்தைப் பார்ப்பதில்லை, எழுத்துருவை வடித்தவர் உள்ளே பதித்துவைத்த அளவையே பார்க்கிறது.

* * *

உங்கள் இரண்டு மணி எனக்குத் தெரிந்த இரண்டு மணிதான். நான் இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளின் ஆள்.

அதில் எழுத்தையும் வட்டத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, டெக்ஸ்ட் பட்டியில் புட் ஆன் பாத் கொடுத்தால் வேலை ஆகிவிடும் என்று படித்திருந்தேன். ஆயிற்று, ஆனால் எழுத்து வட்டத்தின் வலக்கோடியிலிருந்து, கடிகாரத்தில் மூன்று மணி இருக்கும் இடத்திலிருந்து, கீழ்நோக்கி இறங்கத் தொடங்கியது. எழுத்தைப் பிடித்துச் சுழற்றினேன். அது கோட்டை விட்டு விலகி அந்தரத்தில் தொங்கியது. முக்கால் மணி நேரம் எழுத்தோடு மல்லுக்கட்டிய பிறகு, எரிச்சலில் கை தவறி வட்டத்தைச் சுழற்றிவிட்டேன். எழுத்து சாதுவாகக் கூடவே வந்தது. வட்டம் வரையப்படத் தொடங்கும் புள்ளி எதுவோ அதுதான் எழுத்தின் தொடக்கம். சுழற்ற வேண்டியது எழுத்தை அல்ல, வட்டத்தை.

எழுத்து மறுபக்கம் போக வேண்டுமானாலும் இதே கதைதான். வட்டத்தை முதலில் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்துக் கோடாக மாற்றி, பாத் பட்டியில் ரிவர்ஸ் கொடுங்கள்; கோட்டின் திசை மாறும், எழுத்து தானே பக்கம் மாறும்.

இன்னொன்று. வேலை முடிந்ததும் வட்டம் கண்ணை உறுத்துகிறதே என்று அதை அழித்துவிடாதீர்கள். எழுத்து அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. நிறத்தையும் விளிம்பையும் நீக்கினால் போதும். ஓரிரு எழுத்துகள் மட்டும் முட்டிக்கொண்டால் கர்சரை நடுவில் வைத்து, ஆல்ட்டோடு அம்புக்குறியை அழுத்தி நகர்த்தலாம்.

* * *

நீங்கள் இருவரும் சொன்னவை எந்த மொழிக்கும் பொருந்தும். எனக்கு வாய்த்தது தமிழுக்கே உரிய தொல்லை.

'கொடி' என்ற சொல். நேர்க்கோட்டில் பளிச்சென்று இருந்தது. சிறிய வட்டத்தில் ஏற்றியதும் ஒற்றைக்கொம்பு இடப்பக்கம் சாய, 'க' நடுவில் நிமிர்ந்து நிற்க, கால் வலப்பக்கம் சாய்ந்துவிட்டது. ஓர் எழுத்து மூன்றாகக் குடும்பம் பிரிந்த காட்சி. யூனிகோடில் 'கொ' என்பது இரண்டே குறியீடுகள்: 'க' ஒன்று, ஒகரக் குறி ஒன்று. திரையில் வரும்போதோ கொம்பு, மெய், கால் என்று மூன்று வடிவங்கள். வளைவில் எழுத்தை ஏற்றும்போது நான் பயன்படுத்திய மென்பொருள் மூன்றையும் தனித்தனியே சுழற்றியது. ஆரம் சிறிதாக ஆக, பிளவு பெரிதாகும்.

எழுத்துருவை மாற்றினேன், பயனில்லை. டிராக்கிங்கைக் கூட்டினேன், அது எரிகிற நெருப்பில் எண்ணெய். கொம்பு இன்னும் தள்ளிப் போனது. எழுத்தைச் சிறிதாக்கியபோதுதான் பிளவு குறைந்தது. அதற்கு மேல் கையால்தான்: நகல் ஒன்றைப் பத்திரப்படுத்திவிட்டு, எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது இனித் தட்டச்சு செய்து திருத்த முடியாத வெறும் வடிவங்களாக மாற்றி, 'கொ'வின் மூன்று துண்டுகளையும் ஒரே கோணத்துக்குத் திருப்பி, நெருக்கி, ஒரே குழுவாகக் கட்டினேன். ஒரு வரியில் இப்படி நாலைந்து எழுத்துகள்தான் வரும். கை பழகிவிட்டால் பத்து நிமிடம்.

வளைவில் ஏற்றும் முன்பே எழுத்து குலைந்து, கொம்பு மெய்க்குப் பின்னால் போய் நின்றால் அது வேறு நோய். இல்லஸ்ட்ரேட்டரில் பிரிஃபரன்சஸ், டைப் பகுதியில் ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸை இயக்கிவிட்டு, பாரகிராஃப் பலகத்தின் பட்டியில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரை, அதாவது எழுத்துகளை அடுக்கும் முறையை, தேர்ந்தெடுங்கள்.

வார்ப் எஃபெக்டில் ஆர்க் கொடுத்தால் எழுத்து பிரியாதே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், பிரியாது. ஆனால் அது எழுத்தைச் சுழற்றுவதில்லை, எழுத்தையே வளைக்கிறது. 'ப'வின் நேரான அடி வாழைப்பழம்போல வளைந்துவிடும். பெரிய வளைவில் மெல்லியதாகக் கொடுத்தால் தாங்கும். முத்திரைக்கு நான் அதைத் தொடமாட்டேன்.

* * *

சுருக்கமாக என் பங்கு. இணையப் பக்கத்துக்காக எஸ்விஜி என்ற வரைகலைக் கோப்பில் வளைவு எழுத்து வைத்திருந்தேன். என் கணினியில் முழுசாகத் தெரிந்தது, மற்றவர்கள் கைப்பேசியில் கடைசி இரண்டு எழுத்துகளைக் காணவில்லை. நான் வைத்த எழுத்துரு அவர்களிடம் இல்லை. அதற்குப் பதிலாக வந்தது அகலமானது. கோட்டின் முனையைத் தாண்டி எழுத்தின் நடுப்புள்ளி போய்விட்டால் அந்த எழுத்து வரையப்படாது என்பது எஸ்விஜியின் விதி. வழியாமல், மடங்காமல், ஓசையின்றி விழுங்கப்பட்டுவிடும். கோட்டின் இரு முனைகளையும் நீட்டி, எழுத்தின் தொடக்கத்தைக் கோட்டின் நீளத்தில் 50 விழுக்காட்டில் வைத்து, எழுத்தை நடுவில் நங்கூரமிட்டேன். முழு வட்டமாக இருந்தால் கோடு தொடங்கி முடியும் இடம் எழுத்துக்கு நேர் எதிரே இருக்கட்டும்.

* * *

அலைபோன்ற கோட்டில் எழுத்து நடுங்கிய கதை ஒன்று. ஒரு படத்தைத் தானியங்கி டிரேஸ் செய்து எடுத்த கோடு அது. பார்வைக்கு வழவழப்பு, உள்ளே ஈ மொய்த்ததுபோல நோட்கள், அதாவது கோட்டைக் கட்டும் புள்ளிகள். ஒவ்வொரு எழுத்தும் தான் நிற்கும் இடத்தின் சாய்வைப் பார்த்துத் திரும்புவதால், கோட்டின் சிறு நெளிவுகூட எழுத்தில் பெரிய ஆட்டமாகத் தெரிந்தது. அந்தக் கோட்டைக் கீழே வைத்து, பென் கருவியால் நான்கே நோட்களில் மேலே புதிதாக வரைந்தேன். நடுக்கம் நின்றது. பள்ளங்களில் எழுத்துத் தலைகள் இடித்துக்கொண்டன. அங்கே சொல் இடைவெளி விழும்படி தொடக்கத்தைக் கொஞ்சம் தள்ளினேன்.

* * *

முதலில் எழுதியவன்தான் மீண்டும் வந்திருக்கிறேன். கொம்பு பிரிந்த கதையைப் படித்துவிட்டு என் முத்திரையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முழக்கத்தில் 'வெற்றி கொள்வோம்' என்று இருக்கிறது. 'கொ'வும் 'வோ'வும் நீங்கள் சொன்னபடியே பிரிந்து நின்றன. உட்கார்ந்து அவுட்லைன் ஆக்கி, துண்டு துண்டாகத் திருப்பி, மேல் வரியையும் சேர்த்துக் கையால் ஒழுங்குபடுத்தி அனுப்பினேன். நகல் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தீர்கள். அந்த ஒரு வரியை மட்டும் கண் தாண்டிவிட்டது.

இன்று காலை பதில் வந்தது. முத்திரை மிகவும் பிடித்திருக்கிறதாம். 'விளையாட்டு கழகம்' என்பதில் நடுவே ஒரு 'க்' மட்டும் சேர்க்க வேண்டுமாம்.