ஓமி மணல் குதிரைப் பந்தயம், அயர்லாந்தின் கோனமாரா கடற்கரை: போனவர்கள் வந்து சொல்லுங்கள்

மழைக்கோட்டு:

ஓமி பந்தயத்தைப் பற்றித் தனியாக விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். கிளாடாடஃப் தேவாலயத்துக்குக் கீழே கடல் வற்றியதும் மணலில் கம்பு நட்டு, கயிறு கட்டி, குதிரை விடுவார்கள். தேதியும் நேரமும் கடல் வைத்ததுதான். நாங்கள் போன அன்று வெயில், மழை, வெயில், மறுபடி மழை. அதை விடுங்கள்.

குட்டைக் குதிரைகளுக்கான ஓட்டம் ஒன்று நடந்தது. ஓட்டியவர்கள் எல்லாரும் மீசை முளைக்காத பையன்கள். திருப்பத்தில் ஒரு பையன் விழுந்துவிட்டான். எழுந்து நொண்டிக்கொண்டே கயிற்றுக்கு வெளியே வந்துவிட்டான், அவனுக்கு ஒன்றுமில்லை. குதிரைதான் நிற்கவில்லை. சாம்பல் நிறம். முதுகில் ஆள் இல்லாமலே மற்றவற்றோடு ஓடி, முடிவுக் கம்பத்தைத் தாண்டி, நேராகத் தண்ணீருக்குப் போனது. வயிறு நனையும் ஆழத்தில் போய் நின்றுகொண்டது. கடிவாள வார் தண்ணீரில் மிதக்கிறது. இரண்டு ஆண்கள் கைகளை விரித்துக்கொண்டு ஓடினார்கள். அது இன்னும் உள்ளே போனது. பந்தயப் பணம் வாங்குகிறவர் தன் பாட்டுக்கு அடுத்த ஓட்டத்துக்கு விலை கத்திக்கொண்டிருக்கிறார்.

அப்போது ஓர் அம்மா வந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். பச்சைக் கோட்டு, ரப்பர் பூட்ஸ். அந்த இரண்டு பேரையும் கையசைத்து நிறுத்திவிட்டு, பூட்ஸுக்குள் தண்ணீர் போகப் போக உள்ளே இறங்கினார். கூப்பிடவில்லை, நாக்கால் ஓசை எழுப்பவில்லை. கிட்டே போனதும் குதிரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். எங்களைப் பார்த்தபடி, கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு! கொஞ்ச நேரத்தில் குதிரை தானாக வந்து அவர் தோளில் மூக்கை வைத்தது. அவர் வாரைக்கூடப் பிடிக்கவில்லை. நடந்தார், அது பின்னாலேயே வந்தது.

ஏன் முதுகைக் காட்டினார்? முகத்தில் காற்று அடிக்கிறதே என்று திரும்பியிருப்பார் என்கிறார் என் கணவர். காற்று எங்கள் பக்கத்திலிருந்துதான் கடலுக்குப் போனது. குதிரையோடு பழகியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

அலை அட்டவணை:

நல்ல அனுபவம். ஆனால் இதைப் படித்துவிட்டு யாராவது காரை மணலில் இறக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. என் கதை சின்னது. ஒரு மாலை ஓமிக்குப் போனபோது, மணல் நடுவே ஒரு வாடகைக் கார் கண்ணாடி மட்டம் வரை தண்ணீரில் நின்றது. ஆட்கள் பத்திரமாகக் கரையில் இருந்தார்கள். காரில் வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அலை மேலே தெறிக்க, அது துடைக்க, மறுபடி தெறிக்க. இன்றைக்கும் மழையில் வைப்பரைப் போட்டால் அதுதான் ஞாபகம் வருகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஓமி ஒரு தீவு. கடல் இறங்கினால்தான் அங்கே நடக்க முடியும். ஒரு இறக்கத்துக்கும் அடுத்த இறக்கத்துக்கும் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் இடைவெளி. அதனால் நேற்று நண்பர் போன நேரத்துக்கே நானும் போகிறேன் என்றால் ஆகாது, நாளுக்கு சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் தண்ணீர் வெகு தூரம் இறங்கும். மணல் பரந்து கிடப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், திரும்பும்போது அதே அளவு வேகமாக ஏறும்.

அப்புறம், ஏற்றம் சீராக வருவதில்லை. ஆறு மணி நேர ஏற்றத்தில் முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் வரும், அதைப் பார்த்துவிட்டு இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைப்போம். நடுவில் வரும் இரண்டு மணி நேரத்தில் மட்டும் மொத்தத் தண்ணீரில் பாதி வந்துவிடும். ஓமியில் இரண்டு பக்கமிருந்தும் வந்து நடுவில் சேரும். ஆகவே இறங்கிக்கொண்டிருக்கும் கடலைப் பின்தொடர்ந்து போக வேண்டும், ஏறும் கடலோடு போட்டி போடக் கூடாது. அட்டவணை எடுக்கும்போது கோடைக்கால நேரத்தைச் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள், சேர்க்காத அட்டவணைகளும் உண்டு. தீவில் மாட்டிக்கொண்டால் அங்கேயே உட்கார்ந்திருங்கள், அடுத்த இறக்கம் வரும். மணல் நடுவில் மாட்டிக்கொண்டால் 112 அல்லது 999, கோஸ்ட் கார்டு (கடலோரக் காவல்) வேண்டும் என்று கேளுங்கள். வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள், கடற்கரை மணலில் ஓட்டிய சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் பேசாது என்று எழுதியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

மழைக்கோட்டு:

நன்றி. ஆனால் நாங்கள் நடந்துதான் போனோம். கார் என்ற சொல்லே என் பதிவில் இல்லை. கேள்வி குதிரையைப் பற்றியது.

தூக்கம் கெட்டவள்:

குதிரை பற்றி எனக்குத் தெரியாது. பறவை பற்றிச் சொல்லலாமா?

கிளெகனில் படகு ஏறினால் அரை மணியில் இனிஷ்பாஃபின் தீவு. மே மாதக் கடைசி, மறுநாள் காலை தீவைச் சுற்றி நடப்பதாகத் திட்டம். இரவு படுத்தால் ஜன்னலுக்கு வெளியே ஒரு சத்தம். இரும்புத் துருவியில் தேங்காயை இரண்டு இழுப்பு இழுத்து நிறுத்துவார்கள் இல்லையா, அது. இரண்டு இழுப்பு, இடைவெளி, இரண்டு இழுப்பு. பன்னிரண்டு மணிக்கும் அதே, இரண்டு மணிக்கும் அதே. கார்ன்கிரேக் என்று பறவைப் பைத்தியங்களுக்குத் தெரியும், ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இங்கே புல்லுக்குள் கூடு கட்டும். ஆண்தான் கத்தும், அதுவும் நள்ளிரவுக்கு மேல்தான் உற்சாகம்.

பொறுக்க முடியாமல் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். வீட்டுக்காரர் ஏற்கெனவே அங்கே நிற்கிறார். இரவு உடை, மேலே ஸ்வெட்டர், காலில் பூட்ஸ். எனக்காகத்தான் விரட்ட வந்திருக்கிறார் என்று நினைத்து வாயைத் திறக்கப் போனேன். அவர் உதட்டில் விரலை வைத்து, வேலிக் கல்லுக்கு அந்தப் பக்கம் காட்டி, "போன வருடம் பக்கத்து வீட்டுக்காரன் நிலத்தில் கத்தியது. இந்த வருடம் என்னுடையதில்" என்றார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு என்ன புகார் சொல்வது?

காலையில் கஞ்சி பரிமாறிக்கொண்டே விவரம் சொன்னார். முன்பு அயர்லாந்து முழுக்க இருந்ததாம். புல்லைச் சீக்கிரமாக இயந்திரத்தால் வெட்ட ஆரம்பித்ததும் கூடும் குஞ்சும் சேர்ந்து போயின. இப்போது மேற்குக் கரையோரம் சில இடங்களில்தான் மிச்சம். அவர் தாமதமாகத்தான் வெட்டுவார், அதுவும் நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக. ஓரத்திலிருந்து வெட்டினால் குஞ்சுகள் நடுவில் சிக்கிவிடும். கடைசிவரை நான் பறவையைப் பார்க்கவே இல்லை. அவரும் அந்த வருடம் பார்க்கவில்லையாம்.

முழங்கால் டாக்டர்:

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், நான் சாஃப்ட்வேர். பெயர் வந்த கதைதான் இது.

ஜூலை 16, புனித மக் டாரா திருநாள். கார்னா பக்கத்திலிருந்து படகுகள் மக் டாரா தீவுக்குப் போகும். அங்கே சின்னக் கல் தேவாலயம், திறந்தவெளியில் பூசை, பிறகு பாய்மரப் படகுப் போட்டி. கால்வே ஹூக்கர் படகு பார்த்திருப்பீர்கள், தார் பூசிய கறுப்பு உடல், துருப்பிடித்த சிவப்பில் பாய். அந்தத் தீவைக் கடக்கும்போது பாயை மூன்று முறை தாழ்த்துவது பழைய வழக்கம். படம் எடுக்கத்தான் போனேன்.

கூட்டமான படகில் பக்கத்தில் ஒரு பாட்டி. உட்கார்ந்ததும், "கால்வே ஆஸ்பத்திரியில் டாக்டர்தானே நீ?" என்றார். இல்லை பாட்டி, கம்ப்யூட்டர் என்றேன். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுக் கால்சட்டையை மடித்து முழங்காலைக் காட்டினார். வீங்கித்தான் இருந்தது. நான் டாக்டர் இல்லை என்று மறுபடி சொன்னேன். "விடுமுறையில் இருக்கிறாய், புரிகிறது. ஆனாலும் பார்" என்றார். எதிரில் இருந்தவர் தன் தோள்பட்டையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இன்னொருவர் மனைவியின் ரத்த அழுத்தம். கடைசியில் தொட்டுப் பார்த்து, ஐஸ் வையுங்கள், உங்கள் சொந்த டாக்டரைப் பாருங்கள் என்றேன். பாட்டி பையிலிருந்து ஹாம் சாண்ட்விச்சில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். நான் சைவம். அதைச் சொல்ல அந்த நேரத்தில் தைரியம் வரவில்லை, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். பாய் தாழ்த்திய நேரத்தில் நான் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு படம்கூட இல்லை.

லாயம்:

தாமதமாகப் பார்க்கிறேன். கிளிஃப்டன் பக்கம்தான் குடியிருக்கிறோம், அடுத்த வீட்டில் கோனமாரா குதிரைகள் வளர்க்கிறார்கள்.

முதலில் அலை அட்டவணை அவர்களுக்கு. நீங்கள் சொன்ன கணக்கு சரி, தொனிதான் சரியில்லை. அந்த மணலில் வழிகாட்டும் கம்பங்கள் வரிசையாக நட்டிருக்கின்றன. ஊர்க்காரர்கள் டிராக்டரிலும் காரிலும் காலங்காலமாகப் போகிறார்கள். தீவில் இப்போது நிரந்தரமாக யாரும் இல்லை. மல்யுத்தமும் சினிமாச் சண்டையும் செய்துவிட்டு வந்து தங்கியிருந்த கடைசிக் குடிமகன் 2017-ல் இறந்துபோனார். ஆனால் இடுகாடு அங்கேதான். சவ ஊர்தியே அந்த மணலில்தான் போகிறது, அடக்கத்தின் நேரத்தையும் கடல் பார்த்துத்தான் வைப்பார்கள். போகவே கூடாது என்று பயமுறுத்தினால் கிளெகனில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

மழைக்கோட்டு அக்கா, உங்கள் கேள்விக்கு. குதிரையை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தால், அதற்கு அது 'தள்ளிப் போ' என்கிற அர்த்தம். கைகளை விரித்தால் இன்னும் மோசம். கண்ணை எடுத்து, உடம்பைத் திருப்பிக்கொண்டால் அழுத்தம் போய்விடும். மிரண்ட குதிரைக்குத் தனியாக நிற்கப் பிடிக்காது, அமைதியாக நிற்கும் ஒருவரிடம் தானாக வரும். எல்லாக் குதிரையும் வரும் என்று சொல்ல மாட்டேன். பழகிய குதிரையாக இருந்திருக்கும்.

என் மனதில் நிற்பதும் ஒரு குதிரை விஷயம்தான். கிளிஃப்டனில் ஆகஸ்ட் மூன்றாம் வியாழன் கோனமாரா போனி கண்காட்சி. இந்த இனத்துக்கான சங்கம் 1923-ல் தொடங்கியது. 128-லிருந்து 148 சென்டிமீட்டர் உயரம்தான் இருக்கும், ஆனால் சதுப்பு நிலத்திலும் பாறையிலும் பிழைத்த உடம்பு. அங்கே தெருவோரம் ஒரு பெரியவர் குட்டியை விற்றார். நெடுநேரம் இழுபறி, உள்ளங்கையில் அறைந்து முடிவானது. வாங்கியவர் நோட்டுகளை எண்ணிக் கொடுத்ததும், பெரியவர் அதிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அவர் கையிலேயே திணித்தார். அதிர்ஷ்டக் காசு, இங்கே பழைய வழக்கம். அதன் பிறகு அவர் குட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை, நேராகப் போய் ஒரு ஐஸ்கிரீம் வாங்கினார். எனக்குத்தான் அழுகை வந்தது, காரணம் கேட்காதீர்கள்.

கொசுவலை:

எல்லாரும் குதிரை, படகு என்கிறீர்கள். டயமண்ட் ஹில் ஏறியவர்கள் இல்லையா? லெட்டர்ஃப்ராக்கில் தேசியப் பூங்கா, 442 மீட்டர், பலகையும் கல்லும் போட்ட பாதை. உச்சியில் நின்று பார்த்தது முழுக்க மேகத்தின் உள்பக்கம். இறங்கி வந்தால் கார் நிறுத்துமிடத்தில் மிட்ஜ். கொசுவின் பேரன் அளவுதான், தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும். என் ஆறு வயது மகள், "அப்பா, காற்றே வா" என்று வானத்தைப் பார்த்துக் கத்தினாள். மேலே அரை மணி முன்பு அதே காற்றைத் திட்டிக்கொண்டிருந்தவள்.

காற்று இல்லாத ஈரமான மாலைதான் அதற்கு உகந்தது. லேசாகக் காற்று வீசினாலும் பறக்காது. வெளிர் நிற உடை போடுங்கள், தலைக்கு வலை வாங்கிக்கொள்ளுங்கள், கிளிஃப்டன் கடைகளில் கிடைக்கும். கூடாரம் அடிப்பதாக இருந்தால் பள்ளத்தில் வேண்டாம், காற்றுபடும் மேட்டில் அடியுங்கள். வழியில் பாலினஹின்ச் கோட்டை ஓட்டலைப் பாருங்கள், கிரிக்கெட் ரஞ்சி இருக்கிறாரே, நவாநகர் மகாராஜா, அவர் 1924-ல் வாங்கிய இடம். சால்மன் பிடிக்க வந்தாராம். மிட்ஜ் கடியை எப்படிச் சமாளித்தார் என்றுதான் தெரியவில்லை.

மழைக்கோட்டு:

லாயம், நன்றி, இப்போது புரிகிறது. ஆனால் கைகளை விரித்து ஓடிய அந்த இரண்டு பேரும் குதிரைக்காரர்கள்தானே, அவர்களுக்கு இது தெரியாதா?

லாயம்:

தெரியாமல் இருக்காது. ஊரே பார்க்கும்போது சும்மா நிற்க அவர்களால் முடிந்திருக்காது.

அலை அட்டவணை:

என் தொனி பற்றிச் சொன்னதை ஏற்கவில்லை, சவ ஊர்தி ஓட்டுபவருக்கு அந்த மணல் தெரியும், டப்ளினிலிருந்து வாடகைக் காரில் வருபவருக்குத் தெரியாது. அது இருக்கட்டும். மழைக்கோட்டு, குதிரை தண்ணீருக்குள் போனபோது மணி என்ன? ஏற்றம் தொடங்கியிருந்ததா?