4 பரிமாணத்தில் டெலோனே கழுத்து: விசை நூறு மடங்கு குறைகிறதே?

பட்டர்வொர்த் பையன்:
வணக்கம். பினாங்கில் கணிதத்தில் மாஸ்டர்ஸ் செய்கிறேன். சராசரி வளைவு எங்கும் மாறாத பரப்பை 3 பரிமாணத்தில் கபூலியாஸ் என்ற கணிதவியலாளர் 1990-இல் கட்டிய முறை, அதாவது கோளங்களை மெல்லிய கழுத்துகளால் ஒட்டிக்கொண்டே போவது, ஓரளவு புரிந்துவிட்டது. அதையே 4 பரிமாணத்துக்கு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கிறேன். சராசரி வளைவு 1 (கோளங்களின் ஆரம் சுமார் 1), நடுக் கோளத்திலிருந்து கிளம்பும் ஒவ்வொரு காலிலும், அதாவது கோளச் சங்கிலியிலும், விசை 0.01 வேண்டும். 3 பரிமாணத்தில் வருவதுபோல கழுத்தின் ஆரத்தையும் 0.01 என்றே வைத்தேன். திரும்ப விசையைக் கணக்குப் பார்த்தால் 0.000099! இரண்டு நாளாக புரோகிராமைத் துருவுகிறேன், ஒரு பிழையும் சிக்கவில்லை.

செந்தூல்காரன்:
தம்பி, புரோகிராமை விடுங்கள், அது சொல்வது சரிதான். உங்கள் கால்களின் வடிவம், டெலோனே 1841-இல் கண்ட, சராசரி வளைவு மாறாத சுழற்சிப் பரப்புகள்தான். அவற்றில் ஒரு அளவு முழு நீளத்துக்கும் மாறாமல் நிற்கும், அதுதான் விசை. கழுத்தில், 3 பரிமாணம் என்றால் ஆரத்திலிருந்து அதன் வர்க்கத்தைக் கழிக்க வேண்டும். 4 என்றால் வர்க்கத்திலிருந்து கனத்தை, ஏனென்றால் கழுத்தைக் குறுக்கே வெட்டினால் அங்கே வருவது வட்டம் இல்லை, கோளம். 0.01-ஐப் போட்டுப் பாருங்கள், உங்கள் 0.000099 அப்படியே வரும். விசை 0.01 வேண்டுமானால் ஆரம் சுமார் 0.106, பத்து மடங்கு பருத்த கழுத்து.

ஆயர் ஈத்தாம்:
அடுத்தடுத்த கோளங்களின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தையும் பாருங்கள் தம்பி. 3 பரிமாணத்தில் கழுத்து கேட்டனாய்டு (தொங்கும் சங்கிலியின் வளைவைச் சுழற்றினால் வரும் பரப்பு) மாதிரி, அது மடக்கை வேகத்தில் எல்லையில்லாமல் ஏறும், அதனால் தூரக் கணக்கிலும் மடக்கை நுழையும். 4-லும் அதற்கு மேலும் கேட்டனாய்டு இரண்டு இணைத் தளங்களுக்கு நடுவே அடங்கிவிடும். மையத் தூரம் 2-ஐ விடக் கழுத்தின் ஆரம் அளவில்தான் கூடும். கர்னி டிரைவில் லோக் லோக் குச்சியில் மீன் உருண்டை கோத்திருப்பார்களே, உருண்டைக்கு உருண்டை விடும் அந்தச் சந்துதான்.

பட்டர்வொர்த் பையன்:
ஐயோ அக்கா, மடக்கையை அப்படியே காப்பி அடித்து வைத்திருக்கிறேன். 0.106 போட்டதும் விசை 0.010045, நன்றி அண்ணா. நடுக் கோளத்திலிருந்து எத்தனை கால் விடலாம்?

செந்தூல்காரன்:
எத்தனை வேண்டுமானாலும், ஆனால் ஒவ்வொரு காலின் திசையையும் அதன் விசையால் பெருக்கிக் கூட்டினால் பூஜ்ஜியம் வர வேண்டும். இது எந்தப் பரிமாணத்திலும் மாறாது. 4-இல் சுலபமானது ஒழுங்கான சிம்ப்ளெக்ஸின் (முக்கோணம், நான்முகி வரிசையில் அடுத்த உருவம்) 5 முனைகளை நோக்கி 5 கால், எல்லாவற்றிலும் ஒரே விசை. கால்கள் முடிவில்லாமல் போகட்டும். முனையை மூடி, தன்னைத் தானே வெட்டாத பரப்பாக்கலாம் என்று ஆசைப்படாதீர்கள், அப்படி மூடியது கோளம் மட்டும்தான் என்று அலெக்ஸாண்ட்ரோவ் எப்போதோ நிறுவிவிட்டார். நிஜக் கஷ்டம், ஒட்டிய பரப்பைத் துல்லியமாக்கும் கடைசித் திருத்தத்தில் இருக்கிறது: 2 பரிமாணப் பரப்பில் கன்ஃபார்மல் மாற்றம் (கோணம் மாறாமல் அளவை மட்டும் மாற்றுவது) செய்தால் லாப்லாசியனில் (திருத்தச் சமன்பாட்டில் வரும் இரண்டாம் வகைக்கெழுச் செயலியில்) ஒரு பெருக்கல் காரணிதான் மாறும், உங்கள் பரப்புக்கு 3 பரிமாணம், கூடுதல் உறுப்பு ஒன்று ஒட்டிக்கொள்ளும். பிரைனரும் கபூலியாஸும் அதோடு மல்லுக்கட்டித்தான் 4-லும் மேலும் கட்டினார்கள்.

பட்டர்வொர்த் பையன்:
கால்களுக்கு நடுக்கோணம் சுமார் 104.5° வருகிறது, 60°-க்கு மேலே இருப்பதால் பக்கத்துக் கோளங்கள் முட்டாது. மடக்கையைத் தூக்கிவிட்டு இன்று ராத்திரி ஓட்டுகிறேன்.