கப்பலேற்றப்பட்டவர்களுக்கு என்ன பெயர்?

லாஸ்பேட்டையிலிருந்து:
எட்டாம் வகுப்புக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. டச்சுக்காரரிடமும் பிரெஞ்சுக்காரரிடமும் சிக்கியவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்ற பகுதியில் ‘அடிமைகள்’ என்று எழுத மனம் வரவில்லை. அது பிறவிக்குணம் போல ஒலிக்கிறது. ‘அடிமைப்படுத்தப்பட்டோர்’ என்றால் பிள்ளைகளுக்கு மூச்சுவாங்கும். சின்னதாக ஒரு சொல் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பத்திலிருந்து:
‘கொண்டியர்’. பட்டினப்பாலையில் அம்பலத்தை மெழுகி விளக்கேற்றுகிறவர்கள் கொண்டி மகளிர்தானே, பகைவர் நாட்டிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள். கொள், கொள்ளை, கொண்டி எல்லாம் ஒரே வேர். பிடித்தவனும் வாங்கியவனும் வேரிலேயே நிற்கிறார்கள்.

முத்தியால்பேட்டையிலிருந்து:
வேர் சரி, ஐயா. ஆனால் பிள்ளைகளுக்குக் கொண்டி என்றால் கதவுக்கொண்டி. ‘அடிமை’ வேண்டாம் என்பதில் நானும் உங்கள் கட்சிதான். வெண்ணெய்நல்லூரில் சிவன் ஆளோலை (அடிமைப் பத்திரம்) காட்டி சுந்தரரை ஆட்கொண்ட கதை அந்தச் சொல்லுக்கு ஒரு இனிமை தந்துவிட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை 1743இல் இதே புதுச்சேரியில் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தது வேறு: ஆட்களை ஏமாற்றிப் பிடித்து, தலையை மழித்து, கறுப்புத் துணி உடுத்தி, காலில் விலங்கிட்டுக் கப்பலேற்றினார்கள். ‘பிடியாள்’ என்று வைக்கலாமா?

மஞ்சக்குப்பத்திலிருந்து:
தானியக் கூலிக்கு உழைக்கும் பண்ணையாளான ‘படியாள்’ என்ற சொல்லோடு குழம்பும். அப்புறம், ‘ஆள்’ என்பதே விசித்திரம். ஆள்கிறவனும் அதிலிருந்துதான், ஆளப்படுகிறவனும் அதிலிருந்துதான். ஆண்டை, ஆண்டவன், பண்ணையாள்...

காரைக்காலிலிருந்து:
ஆண்டவன் இருக்கட்டும், திங்கட்கிழமை வருகிறது. எந்தச் சொல்லை வைத்தாலும் எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். டச்சுக் கம்பெனி சோழமண்டலக் கரையிலிருந்து பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) இலங்கைக்கும் கொண்டுபோனவர்களில் பலர் வீட்டு வேலையிலும் கம்பெனி வேலையிலும் இருந்தார்கள். மொரிஷியஸ், ரீயூனியன் போனவர்கள் மேல் 1723ஆம் ஆண்டு பிரெஞ்சுச் சட்டம் இருந்தது. ஒரு மாதம் ஓடிப்போனால் காதை அறுத்துத் தோளில் சூடு. மறுபடி ஓடினால் முழங்காலின் பின்பக்க நரம்பை வெட்டி மறு தோளிலும் சூடு. மூன்றாம் முறை மரணம். அதே மொரிஷியஸில் கூலி பேசிப்போன நம் ஊர்க் கைவினைஞர்களும் இருந்தார்கள். இந்த வேறுபாடு பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும்.

லாஸ்பேட்டையிலிருந்து:
சரி, பெரும்பாலோர் ‘அடிமையாக்கப்பட்டோர்’ என்கிறார்கள். அதையே போடுகிறேன். காரைக்கால் சொன்ன சட்டம் தனிப் பெட்டியில் வரும்.

மஞ்சக்குப்பத்திலிருந்து:
போடுங்கள், ஆனால் எனக்கு ஒப்புதல் இல்லை. ‘பட்டோர்’ என்று முடித்தால் செய்தவன் இதிலும் தப்பிவிடுகிறான். முடிந்த இடத்திலெல்லாம் எழுவாயை எழுதுங்கள்: ‘கம்பெனி வாங்கியது’, ‘தரகர் பிடித்தார்’, ‘பிரெஞ்சு அரசு சூடு வைத்தது’. அடுத்த பதிப்புக்குக் கொண்டியரோடு மறுபடி வருவேன்.