கணக்கெடுப்புப் படிவத்தில் பின்னோக்கிச் செல்லும் வழியை அடைக்கலாமா?

படிவச்சிற்பி:
எங்கள் குழு, கைப்பேசியில் படிவங்களை நிரப்ப உதவும் ஓடிகே கலெக்ட் செயலியில் வீட்டுக் கணக்கெடுப்பு நடத்துகிறது. முதலில் உறுப்பினர் பட்டியல், பிறகு ஒவ்வொருவருக்கும் உடல்நலப் பகுதி, கடைசியில் வீட்டு வசதிகள். படிவத்தை எக்செல் அட்டவணையாக எழுதும் எக்ஸ்எல்எஸ்ஃபார்ம் தாளில் வரிகள் எப்படி அடுக்கப்பட்டுள்ளனவோ அப்படியே கேள்விகள் திரையில் வருகின்றன. எந்தக் கேள்வி யாருக்குத் தோன்ற வேண்டும் என்பதை 'ரெலவன்ட்' என்னும் நெடுவரிசையில் எழுதும் நிபந்தனை முடிவு செய்கிறது. செயலியின் அமைப்புகளில் பின்னோக்கி நகர்வதைத் தடுக்கவும் வழி உண்டு. அதைத் தடுத்தே ஆக வேண்டும் என்பது என் நிலைப்பாடு. 'கடந்த 30 நாட்களில் நோய்வாய்ப்பட்டாரா?' என்பதற்கு 'ஆம்' என்றால் 14 கேள்விகள் திறக்கும் என்பதைக் கணக்கெடுப்பாளர் மூன்றாவது வீட்டிலேயே தெரிந்துகொள்கிறார். நீளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து 'இல்லை' என்று மாற்றினால், படிவத்தை முடிக்கும்போது பொருந்தாத விடைகள் நீக்கப்பட்டுவிடும். வந்துசேரும் தரவில் அந்த மாற்றத்தின் சுவடே இருக்காது.

களத்துமேடு:
நண்பரே, நான் ஆறு ஆண்டுகளாகக் கணக்கெடுப்பாளர்களை மேற்பார்வை செய்கிறேன். நீங்கள் சொல்லும் தவறு நடப்பது உண்மை. ஆனால் திரும்பிச் செல்வோரில் பெரும்பாலோர் பிழையைத் திருத்தவே செல்கிறார்கள். சென்ற மாதம் ஒரு வீட்டில் பாட்டி மட்டும் இருந்தார். வீட்டில் நான்கு பேர் என்றார். உடல்நலப் பகுதியில் பாதி முடிந்தபோது தண்ணீர்க் குடத்துடன் மருமகள் வந்து, "சின்னவர் திருப்பூரில் வேலை செய்கிறார், சனிக்கிழமைதோறும் வருவார், அவரையும் சேர்க்க வேண்டாமா?" என்று கேட்டார். பிறகு குடும்ப அட்டையை எடுத்து வந்ததும் இருவரின் வயதும் மாறியது. வழி அடைக்கப்பட்டிருந்தால் எங்கள் பணியாளர் அந்தப் படிவத்தைக் கைவிட்டு முதலிலிருந்து கேட்டிருக்க வேண்டும், அல்லது ஐந்தாவது ஆளை விட்டுவிட்டு வந்திருப்பார். அதோடு, பின்னோக்கி நகர்வதைத் தடுக்கும்போது விரும்பிய கேள்விக்குத் தாவுவதும், பாதியில் சேமிப்பதும், சேமித்த படிவத்தைத் திறந்து திருத்துவதும் சேர்ந்தே முடக்கப்படுகின்றன. பால் கறக்கும் நேரத்தில் பேட்டியை நிறுத்திவிட்டு மாலையில் தொடர்வது எங்களுக்கு அன்றாட வழக்கம்.

படிவச்சிற்பி:
பாதியில் சேமிக்க முடியாமல் போவதை நான் போதிய அளவு எடைபோடவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தும் கேள்விகளின் வரிசையும் அளவிடும் முறையின் ஒரு பகுதி. ஒவ்வொரு நோயாகக் கேட்டு, 'ஆம்' என்றவுடன் அதன் விவரத்துக்குள் நுழைவது ஒரு முறை. எல்லா 'ஆம்–இல்லை' கேள்விகளையும் முதலில் கேட்டு முடித்துவிட்டு, பிறகு விவரங்களுக்குச் செல்வது மற்றொரு முறை. இரண்டாம் முறையில் 'ஆம்' என்னும் விடைகள் கூடுதலாக வருவதைக் கணக்கெடுப்பு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. திரும்பிச் செல்ல வழியிருந்தால் அந்தப் பயனும் கரைந்துபோகாதா?

தரவுத்தேனீ:
அதற்குத் தணிக்கைப் பதிவே போதும். தாளில் 'ஆடிட்' வகையில் ஒரு வரியைச் சேர்த்து, மாற்றங்களைப் பதிவு செய்யும்படி அமைத்தால், ஒவ்வொரு கேள்வியும் திறக்கப்பட்ட நேரத்துடன் பழைய விடையும் புதிய விடையும் தனிக் கோப்பாக வந்துசேரும். 'ஆம்' என்பது 'இல்லை' ஆன இடங்களை மட்டும் வடிகட்டிப் பார்த்தால், யார் திருத்துகிறார், யார் தப்பிக்கிறார் என்பது இரண்டே நாளில் தெரிந்துவிடும். ஆனால் பல கேள்விகளை 'ஃபீல்ட்-லிஸ்ட்' என்னும் அமைப்பைக் கொண்டு ஒரே திரையில் அடுக்கினால் அவற்றுக்குத் தனித்தனி நேரம் கிடைக்காது.

களத்துமேடு:
இதை ஏற்கிறேன், ஆனால் பதிவு எடுக்கப்படுவதைப் பயிற்சியின் முதல் நாளிலேயே பணியாளர்களிடம் சொல்லிவிட வேண்டும். தெரியாமல் கண்காணிப்பது முறையன்று. நோய்க் கேள்விகளை முன்கூட்டியே தொகுத்துக் கேட்பதிலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. காய்ச்சலைப் பற்றி ஒரு தாய் சொல்லத் தொடங்கும்போது அவரை நிறுத்தி, "அதைப் பிறகு கேட்கிறேன்" என்று ஐந்து நோய்களைக் கடந்து வந்து மீண்டும் காய்ச்சலுக்குத் திரும்பினால், அவர் சுருக்கமாகவே பேசுவார். உறுப்பினர் பட்டியலைப் பற்றியும் ஒன்று: தொடக்கத்தில் 'எத்தனை பேர்?' என்று கேட்டு ஒவ்வொரு உறுப்பினருக்கும் மீண்டும் வரும் கேள்விச் சுற்றுகளை அந்த எண்ணால் கட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் 'இன்னொருவர் உண்டா?' என்று கேட்கும் அமைப்பில் அந்த ஐந்தாவது ஆள் தானாகவே இடம்பெறுவார்.

படிவச்சிற்பி:
பட்டியலை அப்படியே மாற்றுகிறேன், தணிக்கைப் பதிவையும் சேர்க்கிறேன். தொகுத்துக் கேட்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்; ஒரு தாய் சுருக்கமாகப் பேசுவதால் வரும் இழப்பைவிட, ஒரு நோயே பதிவாகாமல் போவது பெரிய இழப்பு. குழந்தைகளின் உயரத்தையும் எடையையும் இருமுறை அளக்கும் பகுதியிலும் வழி அடைபட்டே இருக்க வேண்டும். முதல் அளவைப் பார்த்துவிட்டு இரண்டாவதை எழுதினால் அது அளவே இல்லை. பின்னோக்கி நகர்வதைத் தடுக்கும் அமைப்பு முழுப் படிவத்துக்கும் பொருந்துவதால், இரண்டாம் அளவைத் தனிப் படிவமாகப் பிரித்து, வேறொரு பணியாளரின் கைப்பேசியில் வைக்க எண்ணுகிறேன்.

களத்துமேடு:
அளவைப் பகுதியில் உங்கள் பக்கம்தான் நானும். ஆனால் இரண்டு கைப்பேசிகளில் வரும் படிவங்களைச் சேர்க்கக் குழந்தையின் பெயரை நம்பாதீர்கள். ஒரே தெருவில் மூன்று கார்த்திக் இருப்பார்கள். வீட்டு எண்ணும் உறுப்பினர் வரிசை எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டைக் குழந்தையின் தாயிடம் கொடுத்து, இரண்டாமவர் அதைப் பார்த்து எண்ணைப் பதியும்படி செய்யுங்கள்.